படலீங்க

விபத்து அறிக்கைப் படிவத்தில் பதினான்கு பத்திகள் உண்டு. ஐந்தாவது பத்தி, 'காயமடைந்த உறுப்பு'. அதை நிரப்பாமல் ஆறாவதுக்குப் போக முடியாது. போகலாம் என்று வாதிடுகிறவர்கள் விதியைப் படிக்காதவர்கள்.

எங்கள் பொதிப் பிரிவில் எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்று சரிந்து சாம்பியன் என்று நாங்கள் கூப்பிட்ட தொழிலாளியின் வலது காலில் விழுந்த அன்று, அந்த ஐந்தாவது பத்தியை வைத்துக்கொண்டு அவர் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய ஷூவின் முன்பகுதி சப்பிப் போயிருந்தது. அதன் தையல் வழியாக ரத்தம் கசிந்து சிமெண்டுத் தரையில் சின்ன வட்டமாகத் தேங்கியிருந்தது.

"எந்த விரல், சாம்பியன்?"

"படலீங்க சார்."

"பெட்டி உன் கால் மேல கிடந்துச்சு. நாலு பேர் சேர்ந்து தூக்கியிருக்காங்க."

"பெட்டி விழுந்துச்சுங்க. என்ர மேல படலீங்க."

"பின்ன யார் மேல பட்டுச்சு?"

"ஷூ மேலீங்க. அது கம்பெனி குடுத்ததுதானுங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஐந்தாவது பத்தியில் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் 'தொழிலாளியின் சொந்த வாக்குமூலப்படி' என்று சேர்த்தேன். காயம் இல்லாதவனுக்குக் காய விடுப்பும் இல்லை. முறிந்த கட்டைவிரலோடு ஒன்றரை மாதம் வேலைக்கு நொண்டிக்கொண்டே வந்தார். 'சொந்த வாக்குமூலப்படி' என்ற அந்தச் சொற்றொடர் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகும் ஒரு முறை அதைப் பயன்படுத்தினேன்.

எங்கள் தொழிற்சாலை தராசு செய்தது. கோத்தகிரி சாலையில், அரசுக்குச் சொந்தமானது. இன்று கட்டடம்கூட இல்லை என்பதால் பெயர் தேவையில்லை. நீலகிரித் தோட்டங்களில் பெண்கள் பறித்துவரும் கொழுந்தை நிறுப்பதற்கான தராசுகளும் அவற்றுக்கான இரும்புக் கற்களும் அங்கிருந்துதான் போயின. நான் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் கண்காணிப்பாளர். பதவி உயர்வு, விடுப்பு, குற்றப் பத்திரிகை, குடியிருப்பு ஒதுக்கீடு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம் என்னிடம் இருந்தது என்ற ஒரே தகுதியால் விளையாட்டு மன்றத்துக்குச் செயலராகவும், குத்துச்சண்டைக்கு நேரம் பார்ப்பவராகவும் ஆக்கப்பட்டேன். மூன்று நிமிடம் ஆனதும் மணி அடிக்க வேண்டும். மணி என்றால், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டும் ஒரு சுத்தியலும்.

சாம்பியன் எழுபதுகளின் தொடக்கத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். அப்பா சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து மலைக்கு மூட்டை தூக்க வந்தவர். மகனுக்கு ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தோள். மலையில் அந்த அளவு ஆள் அபூர்வம். அதனாலோ என்னவோ, தான் பெரிய ஆள் என்பதற்காக எப்போதும் மன்னிப்புக் கேட்கிறவர் போலவே நடந்துகொள்வார். கை குலுக்கினால் விரல் நுனிகளை மட்டும் கொடுப்பார். மூடுபனி நாட்களில் எதிரே வருகிறவர்கள் மிரண்டுவிடக் கூடாதென்று பத்தடிக்கு முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார். குடியிருப்பில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை, ஜீப் வராத மழையில், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறார். அப்போது காலில் கண்ணாடித் துண்டு ஏறியது. அதுவும் படவில்லை.

எட்டு வருடம் தென்மண்டலத் தொழிற்சாலைகளுக்கிடையிலான போட்டியில் அவர்தான் ஹெவிவெயிட் சாம்பியன். எட்டு வருடம் என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும். எட்டு இறுதிப் போட்டிகளில் ஐந்து வாக்ஓவர். அந்தப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது.

எதிராளி வராவிட்டால் வீட்டிலிருந்தபடியே ஜெயித்துவிட முடியாது. அதற்கும் ஒரு முறை உண்டு. கையுறை மாட்டி, முழு உடையில் மேடையேற வேண்டும். எதிர் மூலை காலியாக இருக்கும். எதிராளியின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். மணி அடிக்க வேண்டும். குறித்த நேரம் காத்திருந்து, பிறகு நடுவர் கையை உயர்த்துவார். ஒரு முறை இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. டிசம்பர். பகலிலேயே வாயிலிருந்து புகை வரும் குளிர். மேடையில் அவர் ஒற்றை ஆளாக, இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கி, காலை மாற்றி மாற்றி வைத்தபடி, காலி மூலையைப் பார்த்து நின்றார். உடம்பிலிருந்து ஆவி எழுந்தது.

"பாத்து, பாத்து! காத்து எடது கைய ஓங்குது!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினான்.

மைதானமே சிரித்தது. அவர் கையை இறக்கவில்லை. கீழே வந்ததும், "எதுக்கு கையைத் தூக்கிட்டே நின்ன? யாரும் இல்லையே" என்று கேட்டேன்.

"மணி அடிச்சீங்களே சார்" என்றார்.

எதிராளி வந்த ஒரு போட்டியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவன் சமவெளியிலிருந்து வந்த ஒரு லாரி போன்ற ஆள். மூன்றாவது சுற்றில் சாம்பியனின் மூக்கில் விழுந்த அடியின் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. புள்ளிக் கணக்கில் ஜெயித்து இறங்கினார். மூக்கிலிருந்து ரத்தம் மார்பு வரை ஓடியிருந்தது.

"மூக்கு ஒடைஞ்சிருச்சா?"

"படலீங்க சார். குளிருக்குங்க. ஊட்டிக் குளிருக்கு எல்லாத்துக்கும் மூக்குல ரத்தம் வரும்."

போட்டி நடந்தது கோயம்புத்தூரில், ஏப்ரல் மாதத்தில்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பெயர்ப்பலகை. தொழிற்சாலை போனபின் மிஞ்சியது மன்றக் கட்டடம் ஒன்றுதான். அதை எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் நடத்துகிறது. மாதம் ஒருமுறை கூடி டீ குடித்து, தள்ளிவைக்கப்பட்ட தீர்மானங்களை மறுபடி தள்ளிவைப்போம். அங்கிருந்த பழைய பயிற்சி அறையைச் செப்பனிட்டு, ஊர்ப் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யக் கொடுப்பது என்று முடிவானது. அதற்குச் சாம்பியன் பெயரை வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் போஜன். கருவிப் பட்டறையில் வேலை பார்த்த படுகர், பிடித்த பிடியை விடாதவர். எதிர்த்தவர் வேலுச்சாமி. எங்கள் பழைய ஃபெதர்வெயிட் சாம்பியன். மனிதர் இன்றும் ஐம்பத்தேழு கிலோதான் இருப்பார்.

"எட்டு வருசம் சாம்பியனுங்கறீங்கோ. எத்தன சண்டை போட்டாரு? சார்கிட்ட ரிஜிஸ்டர் இருக்குது, கேளுங்க" என்றார் வேலுச்சாமி.

"எதிராளி வராதது அவன் குத்தமா? பயந்துட்டு வரல" என்றார் போஜன்.

"பயமாவது ஒண்ணாவது! ஆளே கெடையாதுங்க. இந்தத் தெற்குச் சீமை பூராவும் அந்த எடையில நாலு பேரு. ஒருத்தனுக்குக் கலியாணம், ஒருத்தனுக்கு மஞ்சக்காமாலை, ஒருத்தனுக்கு லீவு கெடைக்கல. மிச்சம் இருந்தது இவரு. அதுலயும் இவரு நெசத்துக்கு ஹெவிவெயிட்டே கெடையாது. எடை பாக்கற அன்னிக்குக் காலைல ரெண்டு சொம்புத் தண்ணியும் ஒரு டஜன் வாழப்பழமும் குடுத்து ஏத்தி உட்டாங்க. இல்லீன்னு சொல்லச் சொல்லுங்க சாரை."

என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. எண்பத்தொரு கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட். அவர் எழுபத்தொன்பதைத் தாண்டியதில்லை. எதிராளி இல்லாத எடையில் ஆளை நிறுத்தினால் அணிக்குப் புள்ளி நிச்சயம். தராசு செய்கிற தொழிற்சாலையில், எங்கள் சொந்தத் தராசில், அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே முள்ளைப் பார்த்து நிற்பார். அந்த யோசனைக்குக் குறிப்பு எழுதியவன் நான்.

"சரி, அவன் வாக்ஓவர்தான். உன் எடையில நாப்பது பேரு இருந்தானுங்க. நீ எப்படி ஜெயிச்ச?" என்றார் போஜன்.

"ஒழைச்சேன். காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு ஒழைச்சேன்."

"எது மேல ஒழைச்ச?"

வேலுச்சாமி டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீர்மானத்தை நான்தான் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். பெயர் வைப்பதாக இருந்தால் குடும்பத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், விதி அப்படி, என்று சொன்னேன். கடிதம் எழுதுகிற பொறுப்பும் என்னிடமே வந்தது.

போஜன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்.

எங்கள் பயிற்சியாளர் ஒரு முன்னாள் ராணுவ ஹவில்தார். சாம்பியனோடு மோதிப் பழக அவர் எடையில் ஆள் கிடையாது. எடை குறைந்த பையன்கள் மூன்று பேருக்கோ, அடித்துப் பழக அசையாமல் நிற்கிற ஒரு ஆள் தேவைப்பட்டது. ஹவில்தார் இரண்டு குறையையும் ஒரே ஏற்பாட்டில் தீர்த்தார். ஒவ்வொரு பையனும் மூன்று சுற்று. ஒருவன் களைத்து இறங்கினால் அடுத்தவன் புதிதாக ஏறுவான். சாம்பியன் மட்டும் ஒன்பது சுற்றுக்கும் மேடையிலேயே நிற்பார். திருப்பி அடிக்கக் கூடாது. அவர் கை பட்டால் பையன்களின் தாடை கழன்றுவிடும். தலைக்கவசம் என்ற பொருளை நாங்கள் அப்போது படத்தில்தான் பார்த்திருந்தோம்.

முதல் வாரத்தில் வேலுச்சாமி அடித்த ஒரு அடிக்கு சாம்பியன் "ஸ்ஸ்" என்றார். வேலுச்சாமி உடனே கையை இழுத்துக்கொண்டு, "வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டார். ஹவில்தார் மேடையேறி வந்தார்.

"இதோ பாரு. வலிக்குதுன்னு நீ மூஞ்சில காட்டினா, பசங்க கைய இழுத்துக்குவானுங்க. அப்புறம் போட்டில போய்த் தடவிக் குடுத்துட்டு வருவானுங்க. எவன் கேட்டாலும் படலன்னு சொல்லு. எப்பக் கேட்டாலும். புரியுதா?"

"சரிங்க."

"எங்க, சொல்லு."

"படலீங்க."

நான் சுத்தியலோடு இரண்டு கஜம் தள்ளி நின்றிருந்தேன். அது வாய்மொழி உத்தரவு. எழுத்தில் இல்லாத உத்தரவு அலுவலகத்தைப் பொறுத்தவரை உத்தரவே இல்லை. அதைக் கடைப்பிடித்தவர் எங்கள் சாம்பியன் ஒருவர்தான். அன்று முதல் ஆறு வருடம், மழைக்காலம் தவிர்த்து, வேலை நாள் தோறும் காலையில் நான் மணி அடித்தேன். பையன்கள் மூவரும் தத்தம் எடையில் கோப்பை வாங்கினார்கள். ஒட்டுமொத்தக் கோப்பையும் எங்களுக்கே வந்தது. அந்தப் புகைப்படத்தில் மூவரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் பின்னால் நின்று, வெளிச்சம் கண்ணைக் கூசுவது போல ஒரு கண்ணைச் சுருக்கியிருப்பார். அந்தக் கண் அதற்குப் பிறகு முழுதாகத் திறக்கவேயில்லை.

நாற்பது வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதலில் டீ கிளாஸ் தட்டில் தாளம் போட்டது. பிறகு பேச்சு குழறியது. குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அவர் வாழ்நாளில் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பொதிப் பிரிவில் ஐந்து கிலோக் கல்லுக்கு இரண்டு கிலோ சீட்டு ஒட்டினார். தொழிற்சாலைச் சங்கு ஊதினால், எங்கே நின்றாலும், இரண்டு கையும் முகத்துக்கு நேரே எழுந்துவிடும். இளவட்டங்களுக்கு அது வேடிக்கை. டிபன் பாக்ஸை ஸ்பூனால் தட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் எழும்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவர் அவலாஞ்சி போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். இரண்டு நாள் கழித்து, அணைப் பக்கத்துக் காட்டில் மழையில் நின்றுகொண்டிருந்தவரை மின்வாரிய ஊழியர்கள் கூட்டிவந்தார்கள். "இங்க எதுக்குங்க நின்னீங்க?" என்று கேட்டதற்கு, "மணி அடிக்கலீங்களே" என்றாராம். அந்த இரண்டு நாள் தகவல் இல்லாமல் வராத குற்றம். அது ஐந்தாவது முறை. குற்றப் பத்திரிகையை நான் தயாரித்தேன்.

அவர் மனைவி மரகதம் என் அலுவலகத்துக்கு வந்தது அப்போதுதான். இலங்கைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி மலைக்கு வந்த பெண். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, ஊட்டை எடுத்துருவாங்களாய்யா?"

நிலைமையை விளக்கினேன். இரண்டு வழி இருந்தது. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், குடியிருப்பும் போகும். மருத்துவக் குழுவுக்குப் போனால், அவருக்கு வந்திருப்பது நோய் என்றும், அது பணியால் வந்தது என்றும் குழு சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவருக்கு மருத்துவ ஓய்வு, மனைவிக்கு கேண்டீனில் வேலை, வீடு அவள் பெயருக்கு மாறும். பயிற்சி நேரமும் பணி நேரமே என்று சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே பயிற்சியில் அடிபட்டார் என்பது மட்டும் பதிவானால் போதும்.

"தெனம் பட்டுச்சேய்யா. அவரு தலைய நான்தானே தடவிப் பாப்பேன்? புடைச்சுப் புடைச்சுக் கெடக்கும்."

"யாராவது பார்த்திருக்கணும்மா."

"நீங்க அங்கனதானே நின்னீங்க?"

"நான் கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "அவரையே சொல்ல வைக்கறேன்யா. கப்பலேறினப்ப ஒருக்கா ஊட்ட விட்டாச்சு. இன்னொருக்கா என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் அந்த வீட்டில் பாடம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். "பட்டுச்சுன்னு சொல்லுங்க." "சரி." "சொல்லுங்க." "சரி, சொல்றேன்." "இப்பச் சொல்லுங்க." பதிலே வராதாம்.

குழுவில் மூன்று பேர். ஒரு மருத்துவர், எங்கள் மேலாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி. நான் செயலர். நடப்பதை எழுதுவது என் வேலை. செயலர் சாட்சி சொல்லக் கூடாது. மரகதம் எல்லாவற்றையும் திருத்தமாகச் சொன்னாள். ஒன்பது சுற்று, மூன்று பையன்கள், திருப்பி அடிக்கக் கூடாது என்ற கட்டளை, வீங்கிய தலை. மருத்துவர் நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பயிற்சியில தலையில நிறைய அடி பட்டிருக்காப்பா?"

சாம்பியன் எழுந்து நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். ஹவில்தார் அங்கே இல்லை. ஊரைவிட்டே போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. பழைய ஆள் என்று அங்கே இருந்தவன் நான்தான். அதே கடிகாரம் என் கையில் இருந்தது. அவர் பார்வை அதில் வந்து நின்றது.

"படலீங்க சார்."

"ஏனுங்க, சொல்லுங்களேன்" என்றாள் மரகதம். அவள் குரல் உடைந்துவிட்டது. "ஊட்டுல என்ன சொன்னீங்க? நம்ம ஊடு போயிருங்க. சொல்லுங்க!"

அவருக்கு அவள் அழுவது புரிந்தது. உதடு ஏதோ ஒரு எழுத்துக்குக் கூம்பி, திரும்ப விரிந்தது.

"ஒண்ணுகூடப் படலீங்க" என்றார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "பயிற்சிக்குப் பதிவேடு ஏதாவது இருக்கா?"

"இல்லை சார்" என்றேன். உண்மையில் இல்லைதான். போட்டிக்குப் பதிவேடு உண்டு, பயிற்சிக்குக் கிடையாது. 'நீ பார்த்தாயா' என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வது என் முப்பது வருடப் பழக்கத்தில் இல்லை.

நோய் உண்டு, பணியால் வந்ததல்ல என்று முடிவாயிற்று. நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதினேன். 'தலையில் அடிபட்டதில்லை என்பது தொழிலாளியின் சொந்த வாக்குமூலம். அதற்கு முரணான மனைவியின் கூற்று உண்மையெனக் கொள்ளத்தக்கதன்று.' நல்ல வாக்கியம் என்று மேலாளர் பாராட்டினார். விதிப்படி ஒரு நகல் மரகதத்துக்கும் போயிற்று.

வேலை போயிற்று. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்கிற அன்று குடியிருப்புச் சாமான்களைச் சரிபார்க்க நான் போனேன். பல்பு ஹோல்டர் நான்கு, குழாய் இரண்டு, கண்ணாடிச் சன்னல் ஆறு. எல்லாம் சரியாக இருந்தன. கோத்தகிரியைத் தாண்டி ஒரு தோட்டத்து லயத்தில், அவள் தம்பியின் ஒற்றை அறைக்குப் போகிறார்கள். இரும்பு பீரோவை இரண்டு பேர் தூக்கத் திணறினார்கள். சாம்பியன் அவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தனியாகவே முதுகில் ஏற்றிக்கொண்டார். வாசலில் நான் கையில் பட்டியலோடு நின்றிருந்தேன்.

"சார், சித்த தள்ளி நில்லுங்க. பட்டுடப் போவுது" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தள்ளி நின்றேன்.

சில வருடம் கழித்து அந்த லயத்திலேயே இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபின்தான் எனக்குத் தகவல் வந்தது. முன்பே வந்திருந்தால் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சம்மதக் கடிதம் வரவில்லை. மரகதமே வந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார்கள். இந்த முறையும் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள் மடித்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் சோறு தடவி ஒட்டிய தாள். என் கையெழுத்து தெரிந்தது.

"பேரு வெக்கறதுன்னா வெச்சுக்கோங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. இதுல நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கு. இருவது வருசமா என் ஊட்டுல இருக்கு இந்தத் தாளு. இத மொதல்ல மாத்திக் குடுங்க."

"அம்மா, அந்த அலுவலகமே இப்ப இல்லை. குழுவும் இல்லை. மாத்தறதுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வேலுச்சாமி பக்கம் திரும்பினாள்.

"வேலுச்சாமிண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க கை எங்க ஊட்டுக்காரர் மேல பட்டுச்சா, படலயா?"

வேலுச்சாமி தம் வலது கையை மேசையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிகள் தேய்ந்து, விரல்கள் கோணிப்போன கிழட்டுக் கை.

"பட்டுச்சும்மா."

"எப்படிப் பட்டுச்சு?"

"நல்லாவே பட்டுச்சும்மா. ஒவ்வொரு தடவையும் கேப்பேன், 'பட்டுச்சுங்களாண்ணா?'ன்னு. 'படலடா'ம்பாரு. நெசமாத்தான் படலியாட்டம் இருக்குதுன்னு நெனச்சு, அடுத்தத இன்னும் ஓங்கிப் போடுவேன்." அந்தக் கையை மடக்கிக்கொண்டு, "அதுலதாம்மா நான் கோப்பை வாங்கினேன்" என்றார்.

போஜன் எழுந்து போய்ச் சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பேனாவை நான் ஏற்கனவே திறந்திருந்தேன்.

"இதுக்குச் சட்டப்படி மதிப்பு எதுவும் கிடையாதும்மா" என்றேன்.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ஒன்பது சுற்று, மூன்று பேர், திருப்பி அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, 'படல' என்று சொல்லச் சொன்ன உத்தரவு, அதைக் கொடுத்தவர், கொடுத்த இடம். மரகதம் குழுவின் முன் சொன்னது முழுவதும் உண்மை என்று தனி வரியில் எழுதினேன். படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"மொத்தம் எத்தன அடி?"

"தெரியாதும்மா. அடியை நான் எண்ணல. கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தேன்."

"அதையும் எழுதுங்க."

எழுதினேன். வேலுச்சாமி கையெழுத்துப் போட்டார். போஜன் போட்டார். கடைசியாகத் தாள் என்னிடம் வந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே 'பெயர்', 'பதவி', 'தேதி' என்று மூன்று சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியது. பெயரை எழுதினேன். பதவிக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கண்காணிப்பாளர் என்று போட அலுவலகம் இல்லை. செயலர் என்று போட்டால் அன்று போல இன்றும் சாட்சி சொல்ல முடியாது. மரகதம் காத்துக்கொண்டு நின்றாள்.

'மணி அடித்தவன்' என்று எழுதித் தேதி போட்டேன்.